இருமல் கேட்கிற ஹெட்ஃபோன்

இந்தக் கதையை நானே பல வருஷமாக முழுசாக நம்பவில்லை, தம்பி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இதைச் சொன்னவர் என் அத்தான். அவர் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

நீங்கள் வந்தது சிடி ப்ளேயர் வாங்க, கதை கேட்க இல்லை. தெரியும். ஆனால் உள்ளே நுழைந்ததுமே, ஒரே ஆளுக்கு இத்தனை ப்ளேயரா, இத்தனை ஹெட்ஃபோனா என்று கேட்டீர்களே. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் என் அப்பா இருமியதைச் சொல்ல வேண்டும். உட்காருங்கள். அந்த நீல நிற ப்ளேயரை இப்போது எடுக்காதீர்கள், மூடி சரியாகப் பூட்டாது. விற்பவன் சொல்லக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

நான் கடம் வாசித்துக்கொண்டிருந்தேன். வேலை கூட்டுறவு சங்கத்தில், வாசிப்பு சாயங்காலத்தில். அப்பா தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கடத்தை அவர் தடுத்ததில்லை. தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வீட்டில் நான் சாதகம் பண்ணி முடித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்பார்: "என்னடே, பானை ஓட்டையா இல்லையான்னு பாத்து முடிச்சாச்சா?" அவ்வளவுதான்.

என் கச்சேரி எதற்கும் அவர் வந்ததில்லை. கச்சேரி நாளில் மட்டும் அவருக்கு வயலைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். எங்களுக்கு வயல் கிடையாது. யாருடைய வயலைப் பார்த்தார் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

பெரிய கச்சேரி என்று எனக்கு ஒன்றுதான் அமைந்தது. பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில். வர வேண்டிய கடக்காரருக்கு டைபாய்டு. சாயங்காலம் கச்சேரி, காலையில் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். பாடியவர் கும்பகோணத்துக்காரர், நல்ல ஞானஸ்தர், நான் யார் என்று கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாது. அந்தக் கச்சேரியை கோமதிநாயகம் அத்தான் டேப்பில் பிடித்தார். எங்கள் அக்கா செண்பகத்தின் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் ஓவர்சியர். மைக்கும் டேப்பும் அவருக்குப் பைத்தியம். மண்டபத்தின் இந்தச் சுவரில் ஒரு மைக், அந்தச் சுவரில் ஒரு மைக் என்று கட்டி, நடுவில் டேப்பை வைத்துக்கொண்டு காவல் காத்தார். வணக்கம் சொல்ல வந்தவர்களைக்கூட, "வயர மிதிக்காதிய" என்று விரட்டினார்.

அது முடிந்து சில வருஷம் ஆனது. ஓர் ஐப்பசி மழையில் அப்பா இறந்து போனார். துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பந்தலுக்குள் ஒரு பக்கம் ஒழுகுகிறது, நாற்காலியை இழுத்து இழுத்துப் போடுகிறோம். அத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"மாமா ஒன் கச்சேரிக்கு வந்தாஹ."

"எந்தக் கச்சேரிக்கு?"

"நீ என்ன ஊரெல்லாமா வாசிச்ச? பாளையங்கோட்டைல. நீ தனி வாசிக்கும்போது மண்டபத்துல நின்னாஹ. இருமுனாஹ. என் டேப்புல விழுந்திருக்கு. சிடியாப் போட்டுத் தாரேன், கேளு."

தனி என்றால், பாடகர் பாட்டை நிறுத்திவிட்டு, மிருதங்கமும் கடமும் மட்டும் மாறி மாறி வாசிக்கிற நேரம். என் ஆட்டம் அது ஒன்றுதான். அதற்கு அப்பா வந்தார் என்றால், தம்பி, நான் எத்தனையோ விஷயத்தைத் திரும்ப யோசிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் சொன்னது அத்தான். அவர் பொய்யர் இல்லை. யாராவது கலங்கி நின்றால் அவருக்குத் தாங்காது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு நாய் காணாமல் போனபோது அவர்கள் வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. அத்தான் போய், அந்த நாயைத் தென்காசியில் ஒரு கறிக்கடை வாசலில் பார்த்ததாகவும் நன்றாகக் கொழுத்திருப்பதாகவும் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் சாப்பிட்டார்கள். மறுநாள் அந்த நாய் எங்கள் தெருக் கிணற்றில் கிடந்தது. "அப்பம் நான் பாத்தது அதோட தம்பியா இருக்கும்" என்றார்.

அதனால் எனக்கு அவர் பேச்சு போதாது. இருமல் வேண்டும்.

சிடி வந்தது. வீட்டில் போட முடியாது. துட்டி வீடு, வருஷம் திரும்புகிறவரைக்கும் பாட்டுச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது. டிவிக்கே துணி போட்டு மூடியிருந்தது. சரி, சத்தம் வெளியே போனால்தானே குற்றம், காதுக்குள்ளேயே வைத்துக்கொண்டால்? அப்படித்தான் ஒரு கையடக்க சிடி ப்ளேயர் வாங்கினேன். அதனுடன் ஓசியாக ஓர் இயர்ஃபோன் தந்தார்கள். தம்பி, ஓசியாக வருகிற இயர்ஃபோனை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், பிடிக்காத ஆளாகப் பார்த்துக் கொடுங்கள். அதில் பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து பாடினார். என் கடம் குழாயில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி இருந்தது. மண்டபம் மட்டும் அப்படியொரு அமைதி. ஆயிரம் பேர் மூச்சுவிடாமல் என்னைக் கேட்பதுபோல. இருமலே இல்லை.

அத்தானிடம் கேட்டேன். "சவத்த, அதுல எப்படிடே கேக்கும்? நல்ல ஹெட்ஃபோன் வாங்கு."

ஜங்ஷனில் பீர்முகம்மது என்று ஒருவர் கடை வைத்திருந்தார். தங்கமான மனுஷர். சிடியைக் கையோடு கொண்டு போனேன். அவர் ஒரு ப்ளேயரை எடுத்து, பாட்டு ஓடும்போதே கிலுகிலுப்பை மாதிரி குலுக்கிக் காட்டினார். "பாருங்க அண்ணாச்சி, கொஞ்சமாது நிக்கா? புது டெக்னிக். பஸ்ல, பைக்ல எங்க வேணா கேக்கலாம்." வாங்கி வந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, குலுக்கினாலும் நிற்காமல் இருக்க, அது பாட்டை முன்கூட்டியே உள்ளே வாங்கி அமுக்கி வைத்துக்கொள்கிறது. அமுக்கும்போது முதலில் நசுங்குவது சின்னச் சத்தங்கள். அதாவது, இருமல். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நல்ல சத்தம் வேண்டுமா, குலுக்கினால் நிற்கிற பழைய மாடலாகப் பாருங்கள். இல்லையென்றால் அந்த வசதியை அணைத்து வைக்க ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படி ஒரு பழைய மாடலைத் தேடிப் பிடித்தேன். அது ரொம்பக் கோபக்கார ப்ளேயர். பக்கத்து அறையில் யாராவது நடந்தாலே நின்றுவிடும். தலையணை மேல் வைத்தேன், போதவில்லை. கடைசியில் அடுப்படியில் அரிசி வாளிக்குள் கழுத்துவரை புதைத்து வைத்தேன். அரிசி அசைவைத் தின்றுவிடும். வாளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஹெட்ஃபோனை மாட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். துட்டி கேட்க வந்தவர்கள் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு என் மனைவியிடம், "பையன் ரொம்ப ஒடஞ்சு போயிட்டான் போல" என்பார்கள். அவள், "இல்ல, பேட்டரி தீந்திருக்கும்" என்பாள். கரண்டில் போட்டால் ஒரு ரீங்காரம் வரும், அதனால் பேட்டரிதான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பீர்முகம்மதின் கடையில் எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். தூரத்தில் வரும்போதே, "இருமல் சார் வாராரு" என்று உள்ளே குரல் கேட்கும். ஒருநாள் அவர் நொந்தே போனார்.

"அண்ணாச்சி, பாட்டு கேக்கதுக்கு ஹெட்ஃபோன் கேளுங்க, தாரேன். இருமல் கேக்கதுக்கு டாக்டரு கழுத்துல ஒண்ணு போட்டிருப்பாருல்லா, அது என்ட்ட கிடையாது."

"நீங்க ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்."

கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் விரல் கண்ணாடிப் பெட்டி மேல் தாளம் போட ஆரம்பித்தது. கழற்றவில்லை. ஒரு வாடிக்கையாளர் வந்து நிற்கிறார், அவரைக் கையமர்த்திவிட்டுக் கேட்கிறார். முடிந்ததும், "கடம் வாசிக்கது யாரு அண்ணாச்சி? கை பேசுதே" என்றார்.

"அதை விடுங்க. அதுக்குப் பின்னாடி கேட்டதா?"

"பின்னாடி என்ன? நான் கடத்தத்தான் கேட்டேன்."

இப்படித்தான், தம்பி. ஒருவருக்கும் கவனமாகக் கேட்கத் தெரிவதில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் மாட்டிவிட்டேன். என் சங்கத்துச் செயலர் கேட்டுவிட்டு, "நம்ம ஊர்ல இப்படி ஒரு கடக்காரரா" என்றார். நான்தான் அது என்று சொல்லியிருக்கலாம். எதற்குப் பேச்சை மாற்ற வேண்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வருஷம் கோவில்பட்டியில் ஒரு கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. ஹெட்ஃபோன் பார்க்க வேண்டிய வேலை இருந்தது.

ஹெட்ஃபோனில் இரண்டு ஜாதி. காதை முழுசாக மூடுவது ஒன்று, முதுகு திறந்திருப்பது இன்னொன்று. மூடுவதில் வெளிச் சத்தம் வராது. ஆனால் நம் நாடி நமக்கே கேட்கும். நான் ஒரு வாரம் என் நாடியைத்தான் இரண்டாவது மிருதங்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திறந்த ஜாதியில் காக்கை கரைவதெல்லாம் கச்சேரியில் கலந்துவிடும். ஆனால் மண்டபம் மண்டபமாகக் கேட்கும். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விரலை நீட்டிக் காட்டலாம். அப்படி ஒன்று திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு நேரே போய் வாங்கி வந்தேன். அன்றைக்கு என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா, மேடையில் தனியாகப் பாட்டு. கடை மறுநாள் விடுமுறை, வேறு வழியில்லை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல பிள்ளை. அப்புறம் பாட்டை விட்டுவிட்டாள். இப்போது புனேயில் வேலை.

அந்தத் திறந்த ஹெட்ஃபோனில்தான் உண்மையான மண்டபம் கேட்டது. அந்தக் கறுப்பு, ஆமாம். எதற்கும் அதைத் தொடாதீர்கள்.

கச்சேரியில் தனி வந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே. காப்பி குடிக்க எழுந்துவிடுவார்கள். அது ஒரு சம்பிரதாயம். பாடகர் வாயை மூடுவது அவர்களுக்கு மணி அடித்த மாதிரி. மேடையில் இருக்கும்போது அது அவ்வளவாகத் தெரியாது, கண் தாளத்தில் இருக்கும். ஓசி இயர்ஃபோனில் மூச்சுவிடாமல் கேட்டார்களே ஆயிரம் பேர், அவர்கள் இந்த ஹெட்ஃபோனில் எழுந்தார்கள். முதலில் மிருதங்கத்துக்குக் கொஞ்சம் பேர். என் முறை வந்ததும் இரும்பு நாற்காலிகள் மடங்குகிற சத்தம், செருப்புத் தேடுகிற சத்தம். ஒருவர் தெளிவாக, "வடை தீந்துருக்குமோ" என்கிறார். சத்தம் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு பேர் போனார்கள். நல்ல ஹெட்ஃபோன் வாங்கினால் இதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும், தம்பி. கடையில் சொல்ல மாட்டார்கள்.

போகிறவர்கள் இருமிக்கொண்டே போனார்கள். மார்கழி மாதக் கச்சேரி, ஊருக்கே சளி. ஓர் இருமலைத் தேடிப் போனவனுக்கு ஒரு பந்தி இருமல் கிடைத்தது. இதில் அப்பா எது? எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதுதான் என்னைக் குடைந்தது. எத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் நாங்கள். அவர் இருமல் எப்படியிருக்கும் என்று கேட்டால், இருமல் மாதிரி இருக்கும் என்றுதான் சொல்ல முடிந்தது.

அம்மாவைக் கூப்பிட்டேன். செண்பகம் அக்கா வேண்டாம் என்றாள். "துட்டி வீட்ல அம்மா காதுல பாட்டு மாட்டுனா ஊரு சிரிக்கும்டே."

"பாட்டு இல்லக்கா. இருமல்தான்."

அம்மாவை அரிசி வாளிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து மாட்டிவிட்டேன். முன்னறையில் அப்பாவின் ஆபீஸ் ஆட்கள் சிலர் துக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்ஃபோன் மாட்டினவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாதல்லவா. அம்மா தெருவுக்குக் கேட்கிற குரலில் தீர்ப்புச் சொன்னாள்.

"இது அவுஹ இல்ல. இது எவனோ பீடிக்காரன். இதுவும் இல்ல. இது பொம்பள."

முன்னறையிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"ஒங்க அப்பா இருமி முடிச்சா கடைசில ஒரு செருமல் போடுவாஹ. கதவுக்குத் தாப்பாப் போட்ட மாதிரி." என் கடம் ஓடுகிறது, வாளிக்குள் தட்டு சுற்றுகிறது. பிறகு அம்மா என் கையைப் பிடித்தாள். "அவுஹதான். அந்தா செருமுதாஹ."

"நல்லாக் கேளும்மா. அப்பாதானா?"

"எனக்குத் தெரியாதாடா? ராத்திரி பகலா கேட்ட இருமல்." திடீரென்று அவள் தலை திரும்பியது, யாரையோ கண்ணால் தொடர்வது மாதிரி. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "ஏ குத்தாலம், இந்தக் காதுல இருந்தவுஹ அந்தக் காதுக்குப் போறாஹளே. எங்க போறாஹ?"

ஹெட்ஃபோனை வாங்கி நான் கேட்டேன். உண்மைதான். இருமல் நடுவில் தொடங்கி, நகர்ந்து, செருமல் வலது காதின் ஓரத்தில் முடிந்தது. அப்பா நின்றுகொண்டு இருமவில்லை. நடந்துகொண்டே இருமியிருக்கிறார்.

அந்த மண்டபத்துக்கு இரண்டு வாசல், மைக் கட்டின சுவருக்கு ஒன்றாக. ஒன்று ரோட்டுக்கு. இன்னொன்று பின்கட்டுக்கு, காப்பி அங்கேதான். ரோட்டு வாசல் பக்கம் போனார் என்றால், நான் வாசிக்கத் தொடங்கினதும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். காப்பி வாசல் பக்கம் போனார் என்றால், எல்லாரையும்போலக் காப்பிக்குப் போயிருக்கிறார், குடித்துவிட்டு வந்து கடைசிவரை நின்றிருக்கலாம். தனிக்குக் காப்பி குடிக்கப் போகிறவர் கச்சேரி கேட்க வந்தவர். அதில் குற்றமே கிடையாது. அத்தான் சுவருக்கு ஒரு மைக் கட்டினார் என்றேனே, அதில் எந்தச் சுவர் மைக் வலது காதுக்குள் வந்தது என்று தெரிந்தால் போதும். அது அத்தானுக்குத்தான் தெரியும்.

நீங்கள் கேட்பது நியாயம். உடனே போய்க் கேட்டிருக்கலாம்தான். நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் என் முகத்தைப் பார்ப்பார், பார்த்துவிட்டு, காப்பி வாசல் என்பார். தென்காசி நாய் மாதிரி. அல்லது அன்றைக்கென்று நிஜத்தைச் சொல்லித் தொலைப்பார். இரண்டில் எதற்கு நான் அதிகமாகப் பயந்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

அதனால் நானே கண்டுபிடிக்கலாம் என்று வாங்கிக்கொண்டே போனேன். இதைவிட நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் கதவு திறக்கிற சத்தமோ டம்ளர் சத்தமோ கேட்குமல்லவா. அப்படிச் சேர்ந்ததுதான் இந்த மேஜை. அந்தத் தங்க முலாம் பின் போட்டதை வாங்கியும் டம்ளர் கேட்கவில்லை. முலாமுக்கும் சத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஏமாந்துவிடாதீர்கள். இன்னொன்றும் தெரிந்தது. ஹெட்ஃபோனை வலம் இடமாக மாற்றி மாட்டினால் அப்பா எதிர்ப்பக்கம் போகிறார். எத்தனையோ வருஷம், மனசு நன்றாக இருக்கிற நாளில் ஒரு மாதிரியும், மற்ற நாளில் வேறு மாதிரியும் மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. மத்தியானம் சாப்பிட்டதும், "அவுஹளப் போடு" என்பாள். இருமல் வந்ததும், "போதும்" என்று கழற்றிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். போன தை மாதம் அவளும் போய்விட்டாள். அதற்கப்புறம்தான் எல்லாவற்றையும் விற்றுவிடுவது என்று விளம்பரம் கொடுத்தேன், கறுப்பைத் தவிர.

போன ஞாயிற்றுக்கிழமை கறுப்பையும் ப்ளேயரையும் எடுத்துக்கொண்டு அத்தான் வீட்டுக்குப் போனேன். இப்போது அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. காதுக்கு மிஷின் வைத்திருக்கிறார். அதைக் கழற்றி வைத்துவிட்டு ஹெட்ஃபோனை மாட்டி, சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினேன். தனி ஓடியது. அவர் தொடையில் தாளம் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, வயசானால் வருவதுதான்.

"என்னமா வாசிச்சிருக்க மாப்ள" என்றார். "நீ ஏன் விட்ட?"

"அது கெடக்கட்டும் அத்தான்."

இருமல் வந்தது. அவர் முகத்தில் தெரிந்தது. செருமல் முடிகிறவரைக்கும் விட்டுவிட்டு, ப்ளேயரை நிறுத்தி, ஹெட்ஃபோனைக் கழற்றி, அவருடைய மிஷினை எடுத்து நானே காதில் வைத்துவிட்டேன். கேட்கிறதா என்று இரண்டு தரம் விசாரித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நாற்காலியைப் பின்னால் நகர்த்தி, அவர் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். என்னடா இது என்று அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அப்படி உட்கார்ந்துகொண்டுதான் கேட்டேன்:

"அத்தான், அந்த வலது மைக்க நீங்க எந்தப் பக்கம் கட்டுனீங்க, ரோட்டு வாசலா, காப்பி வாசலா?"